மருத்துவமனை எங்கே முடிகிறது?

ஆண்டுதோறும் மே 12-ஆம் நாள் உலக செவிலியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்று நாளிதழ்களிலும் செவிலியர் கல்லூரி மேடைகளிலும் கையில் விளக்கேந்திய ஒரு பெண்ணின் படம் தவறாமல் இடம்பெறும். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலை நானும் நெடுங்காலம் அந்தப் படமாகவே அறிந்திருந்தேன். பொருளியல் கற்பித்த எனக்கும் அவர் ஓர் ஆசிரியர் என்பது, நான் செய்த ஒரு தவறின் வழியாகவே தெரியவந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு முன், பெரிய மருத்துவமனை ஒன்றின் செயல்திறனை மதிப்பிடும் பணி எங்கள் துறையிடம் வந்தது. படுக்கைகளின் எண்ணிக்கை, உள்நோயாளி தங்கும் சராசரி நாள்கள், ஒரு படுக்கைக்கு ஆகும் செலவு ஆகியவற்றைக் கணக்கிட்டோம். நோயாளிகளை விரைவாக வீட்டுக்கு அனுப்பிய பிரிவே திறன்மிக்கது என்று நான் எழுதினேன். அறிக்கையைப் படித்த மூத்த செவிலியர் ஒருவர், அவ்வாறு அனுப்பப்பட்டவர்களுள் எத்தனை பேர் அதே மாதத்தில் மீண்டும் சேர்க்கப்பட்டனர் என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. மருத்துவமனையின் வாயிற்கதவோடு எங்கள் கணக்கு முடிந்திருந்தது. அதைத் திருத்துவதற்குள் அறிக்கை ஏற்கப்பட்டு, சில படுக்கைகளும் குறைக்கப்பட்டுவிட்டன. நைட்டிங்கேலைப் படிக்கும்படி என்னிடம் சொன்னவரும் அந்தச் செவிலியர்தாம்.

1820-ஆம் ஆண்டு இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலேயக் குடும்பத்தில் நைட்டிங்கேல் பிறந்தார். தந்தையே அவருக்குக் கல்வி புகட்டினார். கணக்கில் அவருக்குத் தனி ஈடுபாடு இருந்தது. உயர்குடிப் பெண்ணுக்கு நோயாளிகளைப் பேணும் தொழில் இழிவு என்று கருதப்பட்ட காலம் அது. குடும்பத்தின் எதிர்ப்பை மீறி 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி பெற்றார். 1853-இல் லண்டனில் சிறிய மருத்துவ இல்லம் ஒன்றின் பொறுப்பை ஏற்றார்.

1854-இல் கிரிமியப் போரில் பிரிட்டன் இறங்கியது. காயமுற்ற வீரர்கள் கருங்கடலைக் கடந்து, இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையில் இருந்த ஸ்கூட்டரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட்டின் அழைப்பின்பேரில், 38 செவிலியருடன் அவ்வாண்டு நவம்பரில் நைட்டிங்கேல் அங்கே சென்றுசேர்ந்தார். உணவு, உடை, படுக்கை என எதுவும் போதவில்லை. சமையற்கூடத்தை ஒழுங்குபடுத்தினார், துணி வெளுக்க ஏற்பாடு செய்தார், பொருள்களை வரவழைத்தார். அவரது உழைப்பில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆயினும் இறப்பு ஏறிக்கொண்டே போனது. 1855 பிப்ரவரியில் அங்கு சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் மாண்டனர்.

மார்ச் மாதத்தில் மருத்துவர் ஜான் சதர்லாண்ட், பொறியாளர் ராபர்ட் ராலின்சன் ஆகியோரைக் கொண்ட சுகாதார ஆணையம் லண்டனிலிருந்து வந்தது. அவர்கள் பார்த்தது கட்டிலை அன்று. கட்டடத்துக்குக் கீழே ஓடிய சாக்கடையை. அடைபட்ட கழிவுநீர்க் கால்வாய்களின் மேல்தான் அந்த மருத்துவமனை நின்றிருந்தது. குடிநீர் வந்த வழியில் ஒரு குதிரையின் உடல் அழுகிக் கிடந்தது. கால்வாய்கள் கழுவிவிடப்பட்டன, சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசப்பட்டது, காற்று புக வழி செய்யப்பட்டது. ஜூன் மாத வாக்கில் இறப்பு நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது.

1856-இல் தாயகம் திரும்பிய நைட்டிங்கேல், புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபாருடன் அமர்ந்து போர்க்கால இறப்புக் கணக்குகளை அலசினார். நோயால் இறந்த வீரர்கள் 16,000-க்கும் மேல். போர்க்களத்திலும் காயங்களாலும் இறந்தோர் 5,000-க்கும் குறைவு. போர்முனைக்கு அருகில் வசதி குறைந்த இடங்களில் இருந்த மருத்துவமனைகளைவிடத் தாம் பணியாற்றிய ஸ்கூட்டரியில் இறப்பு மிகுதி என்பதையும் அந்த எண்கள் காட்டின. தொடக்கத்தில் உணவு, உடைப் பற்றாக்குறையையே பெரிதாக எண்ணியிருந்தவர், கட்டடமும் அதன் கழிவுநீருமே பெருங்கொலைகாரர்கள் என்பதை உணர்ந்தார். புகழின் உச்சியில் இருந்த ஒருவருக்கு இது எத்துணைக் கசப்பான உண்மை! அவர் அதை மறைக்கவில்லை. 1858-இல் வண்ண வட்ட வரைபடங்களாக்கி நாட்டுக்கே காட்டினார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

இன்று மேலாண்மைத் துறையினர் இதனை அமைப்புச் சிந்தனை என்பர். மருத்துவமனை, இரயில்வே, குடிநீர் வழங்கல் போன்ற சிக்கலான சேவை எதையும் ஆராயப் புகுவோர், முதலில் அதன் எல்லையை வரைய வேண்டும். எது உள்ளே, எது வெளியே? இந்த எல்லை இயற்கையாக அமைந்ததன்று. நாமே வரைவது என்று 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அறிஞர் வெஸ்ட் சர்ச்மேன் வலியுறுத்தினார். கோட்டுக்கு வெளியே விடப்பட்டவரின் துன்பம் கணக்கில் வராது. ஆதலால் எல்லை வகுப்பது அறம் சார்ந்த முடிவும் ஆகும். ஸ்கூட்டரியில் கோடு கட்டிலைச் சுற்றி வரையப்பட்டிருந்தவரை வீரர்கள் மாண்டனர். சாக்கடையும் உள்ளே வந்தபின் பிழைத்தனர்.

நைட்டிங்கேலின் பிற்கால வாழ்வு முழுவதும் அந்தக் கோட்டை நகர்த்தும் முயற்சியாகவே எனக்குத் தோன்றுகிறது. 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். லிவர்பூலில் வில்லியம் ராத்போன் ஏழைகளின் வீடுதேடிச் செல்லும் செவிலியர் பணியை ஏற்படுத்தியபோது அதற்கு வழிகாட்டினார். சேவையின் எல்லை இவ்வாறு வீட்டுத் திண்ணைவரை நீண்டது.

தம் சொந்த முயற்சி தோற்றபோதும் அவர் கணக்கை மூடிவைக்கவில்லை. கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் அவரது நிதியுதவியுடன் மகப்பேற்றுச் செவிலியர் பயிற்சிக்காக நடந்த பிரிவு, பிரசவக் காய்ச்சல் இறப்புகளால் 1867-இல் மூடப்பட்டது. அவர் எண்களைத் திரட்டினார். வீட்டில் பிரசவித்த ஏழைப் பெண்களைவிட, மருத்துவமனைகளில் பிரசவித்தோரே மிகுதியாக இறந்தனர் என்று 1871-இல் நூலாகவே வெளியிட்டார். மருத்துவமனைகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட்டிருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிருக்காது. வெளியே இருந்த வீட்டையும் ஒப்பீட்டுக்குள் கொண்டுவந்ததே அவரது திறம்.

இந்தியாவுக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. ஆயினும் இங்கிருந்த படைமுகாம்களுக்கெல்லாம் வினாப்பட்டியல் அனுப்பி விவரம் சேர்த்தார். இங்கே பிரிட்டிஷ் வீரர்கள் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் வீதம் இறந்துவந்ததை 1863-இல் அரச ஆணைய அறிக்கை காட்டியது. முகாமை மட்டும் தூய்மையாக்கிப் பயனில்லை. அடுத்துள்ள கடைவீதியும் ஊரும் தூய்மையானால்தான் வீரன் பிழைப்பான் என்று அவர் வாதிட்டார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் சூறையாடியபோது எல்லை மேலும் விரிந்தது. பட்டினி கிடப்பவனிடம் சுகாதாரம் பேசுவது வீண் என்று கண்டு, பாசனத்தையும் உழவரின் நிலவுரிமையையும் வட்டிக் கொடுமையையும் பற்றி எழுதலானார். கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணை கட்டிய ஆர்தர் காட்டனின் பாசனக் கருத்துகளுக்குத் துணைநின்றார். செவிலியர் ஒருவர் கால்வாயைப் பற்றி ஏன் எழுத வேண்டும் எனக் கேட்போருக்கு, ஸ்கூட்டரியே விடை.

அவரிடமும் குறைகள் உண்டு. நாற்றமும் கெட்ட காற்றுமே நோய்க்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார். கிருமிக் கொள்கையை ஏற்கத் தயங்கினார். காரணத்தில் பிழை இருந்தும் எல்லையைச் சரியாக வரைந்ததால் உயிர்கள் காக்கப்பட்டன. காரணம் சரியாகத் தெரிந்தும் எல்லையைக் குறுக்கியதால் உயிர்கள் இழக்கப்படும் நம் காலத்துக்கு இது ஒரு பாடம்.

எல்லையை முடிவின்றி விரித்துக்கொண்டே போகலாமா என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. கூடாது. எல்லாம் உள்ளே என்றால் எவருக்கும் பொறுப்பில்லை என்றாகிவிடும். நைட்டிங்கேலின் வாழ்விலிருந்து இரு அளவுகோல்களை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒன்றைச் சேர்த்தால் இறப்புக் கணக்கு மாறுமா? அதை மாற்றும் அதிகாரம் உடையவர் எவரேனும் உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால், அது சேவையின் உள்ளேதான் இருக்கிறது.

இந்த அளவுகோல்களை நம் மருத்துவமனைகளுக்குப் பொருத்திப் பாருங்கள். நோயாளிக்குத் துணையாக வந்து மரத்தடியில் படுத்திருப்பவரின் இழந்த கூலி எந்தக் கணக்கில் இருக்கிறது? முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பப்பட்ட முதியவரைப் பேண, வேலையை விட்ட மகளின் உழைப்பை எவர் கணக்கிடுகிறார்? மருத்துவமனையின் செலவு குறைந்தது என்று நாம் மகிழ்ந்த பொழுதுகளில், செலவு குறையவில்லை. கோட்டைத் தாண்டி ஒரு வீட்டுக்குள் போய் விழுந்திருக்கிறது. என் அறிக்கையும் அதைத்தான் செய்தது.

1910 ஆகஸ்ட் 13-இல் நைட்டிங்கேல் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யலாம் என்ற யோசனையைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. ஈஸ்ட் வெல்லோ என்னும் சிற்றூரில் அவர் துயில்கிறார். அவர் கையிலிருந்த விளக்கை நாம் மறக்கவில்லை. அது கட்டில்களின் மேல் மட்டும் ஒளிவீசியதன்று. கட்டடத்தின் அடியில் இருந்த இருளையும் காட்டியது என்பதைத்தான் மறந்துவிட்டோம்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், பணி நிறைவு)