வாப்பிச்சி மரைக்கார்: ஒரு தனவந்தர் ஆளுநரிடம் கேட்டது

பணம் படைத்தவர்கள் அரசின் தீர்மானங்களில் செல்வாக்குச் செலுத்துவது சரியா? தேர்தல் காலத்தில் நாவலப்பிட்டியில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. அப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் மர்ஹூம் வாப்பிச்சி மரைக்கார்.

1829இல் பிறந்த அவர் கட்டட ஒப்பந்தகாரர். கொழும்பு தேசிய நூதனசாலை, பொதுத் தபாலகம், புறக்கோட்டை பழைய நகர மண்டபம் ஆகியவை அவர் கட்டியவை. அவரது செல்வத்தில் பெரும்பகுதி அரசாங்க வேலைகளால் வந்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

1877இல் நூதனசாலை திறக்கப்பட்டபோது, என்ன வெகுமதி வேண்டும் என்று ஆளுநர் கிரகரி அவரிடம் கேட்டதாக நமது மூத்தோர் சொல்வர். அவர் பட்டமோ காணியோ கேட்கவில்லையாம். ஜும்ஆ தினத்தில் நூதனசாலையை மூட வேண்டும் என்றாராம். நீண்ட காலம் அது வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டே இருந்தது.

அன்று ஆங்கிலக் கல்வி பெரிதும் மிஷனரிமார் கையில் இருந்தது. அரசின் நன்கொடைப் பணமும் பெரும்பாலும் அவர்களது பாடசாலைகளுக்கே போனது. பிள்ளைகள் மார்க்கத்தை இழந்துவிடுவார்கள் என்று அஞ்சி நம்மவர்கள் ஒதுங்கி நின்றனர். கண்டியில் பிறந்த அறிஞர் சித்தி லெப்பை இதற்கு மாற்றுவழி தேடினார். நாடு கடத்தப்பட்டு இங்கு வாழ்ந்த எகிப்தின் ஒராபி பாஷாவும் ஊக்கம் கொடுத்தார். வாப்பிச்சி மரைக்கார் பொருளாலும் உழைப்பாலும் துணை நின்றார். 1892இல் மருதானையில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா உருவானது. அதுவே இன்றைய ஸாஹிராக் கல்லூரி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அக்காலச் சட்டசபையில் முஸ்லிம் உறுப்பினரை மக்கள் தெரிவு செய்யவில்லை, ஆளுநரே நியமித்தார். வாப்பிச்சி மரைக்காரின் மகன் அப்துல் ரஹ்மானும் அப்படி அமர்ந்தவரே. ஆளுநரை நெருங்க முடிந்த குடும்பங்களே சமூகத்தின் குரலாயின. கண்டி மலைநாட்டில் கடை வைத்தோரும் தோட்டப்புறங்களில் பொதி சுமந்து விற்றோரும் அந்தச் சபைக்கு எட்டாத தூரத்தில் இருந்தனர்.

1925இல் அவர் வபாத்தானார். அவர் துணை நின்று உருவான பாடசாலை மட்டும் தலைமுறைகளைக் கடந்து நிற்கிறது.

ஆகவே, அமைச்சரின் பக்கத்தில் அமரும் தனவந்தரைப் பார்த்தவுடன் சந்தேகிக்க வேண்டியதில்லை. புகழ்ந்து தள்ளவும் வேண்டாம். அவர் கேட்டது என்ன, அதனால் பயன்பெறுவது யார், கேட்டதைச் சமூகத்தின் முன் சொல்ல முடியுமா என்று பார்ப்போம். ஜும்ஆவுக்காகக் கேட்டதை யாரும் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. டெண்டருக்காகக் கேட்பதுதான் மூடிய கதவைத் தேடுகிறது.