உருளைக்கிழங்கில் சாதுவான கிருமி!

குட்டீஸ்... உங்கள் இடது கையில், தோளுக்குச் சற்றுக் கீழே சின்னதாக ஒரு தழும்பு இருக்கிறதா? பலருக்கு இருக்கும். பிறந்ததும் போடும் பி.சி.ஜி., தடுப்பூசியின் அடையாளம் அது. அந்தப் பெயரில் நடுவில் நிற்கும், 'சி' யார் தெரியுமா? ஆல்பர்ட் கால்மெட்! 'ஜி' என்பது, அவருடன் உழைத்த கால்நடை மருத்துவர் கமில் கெரென்.

கால்மெட், 1863ல், பிரான்சின் நீஸ் நகரில் பிறந்தார். கடற்படை டாக்டராக இருந்தவர். பாம்புக்கடிக்கு மருந்து கண்டவர்களில் அவரும் ஒருவர். பின், லீல் நகர ஆய்வுக்கூடத்திற்குத் தலைவரானார். அங்கே ஆலைத் தொழிலாளர்களைக் காசநோய் வாட்டி வதைத்தது.

காசக் கிருமி பொல்லாதது. மற்ற கிருமிகளை நம் வெள்ளை அணுக்கள் விழுங்கி அழித்துவிடும். இதுவோ, விழுங்கிய அணுவுக்குள்ளேயே உயிரோடு பதுங்கிக் கொள்ளும்! இந்த எதிரியை உடலுக்கு முன்கூட்டியே அடையாளம் காட்டிவிட்டால் நல்லது. அதற்கு, வலுவிழந்த கிருமி வேண்டுமே!

மாட்டுப் பித்தநீரும், கிளிசரினும் சேர்த்து வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டில், மாடுகளைத் தாக்கும் காசக் கிருமியை இருவரும் வளர்த்தனர். மூன்று வாரத்திற்கு ஒரு முறை, புதுத் துண்டுக்கு மாற்றினர். 1908ல் துவங்கிய வேலை இது. நடுவில் முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மன் படை லீல் நகரைப் பிடித்தது; உருளைக்கிழங்கு விலை எகிறியது. அப்போதும் நிறுத்தவில்லை. 13 ஆண்டுகள், 230 முறை மாற்றிய பின், கிருமி சாதுவாகிவிட்டது!

1921ல், பாரிசில் ஒரு பச்சிளம் குழந்தைக்கு முதலில் கொடுத்தனர். ஊசி அல்ல, வாய்வழி மருந்து. தாய் காசநோயால் இறந்துவிட, அதே நோயுள்ள பாட்டியிடம் வளர வேண்டிய குழந்தை அது. அதற்கு நோய் வரவில்லை!

ஆனால், 1930ல் பேரிடி விழுந்தது. ஜெர்மனியின் லூபெக் நகரில், மருந்து பெற்ற 250 குழந்தைகளில், 72 பேர் இறந்தனர். பழி முழுவதும் கால்மெட் தலையில்! விசாரணையில்தான் உண்மை வெளிவந்தது. லூபெக் ஆய்வுக்கூடத்தில், மருந்தோடு வீரியமுள்ள காசக் கிருமி கலந்துவிட்டது. 1932ல் தீர்ப்பு வந்தது. தவறு செய்த டாக்டர்கள் தண்டிக்கப்பட்டனர். மனம் உடைந்திருந்த கால்மெட், மறு ஆண்டே இறந்தார்.

சென்னை கிண்டியில், 1948ல் இந்த மருந்து தயாரிக்கும் ஆய்வுக்கூடம் துவங்கியது. மூளையைத் தாக்கும் காசத்திலிருந்து குழந்தைகளை இது நன்றாகவே காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசத்தைத்தான் சரியாகத் தடுப்பதில்லை. செங்கல்பட்டு வட்டாரத்தில், 1968ல் துவங்கிய பெரிய ஆய்வு இதைக் காட்டியது. அதற்கான புதுத் தடுப்பூசியை விஞ்ஞானிகள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கின்றனர்.