வானை அளந்தவர்

‘தி ஏவியேட்டர்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தை நம் குடியிருப்பில் பலர் கண்டிருத்தல் கூடும். மார்ட்டின் ஸ்கார்செசி இயக்கத்தில் 2004-ஆம் ஆண்டில் வெளிவந்து, ஐந்து ஆஸ்கார் பரிசுகளைப் பெற்ற படம் அது. ஹோவர்டு ஹியூஸ் என்னும் அமெரிக்கச் செல்வரின் வரலாற்றை அது கூறுகிறது. ஆனால் 1947-ஆம் ஆண்டோடு கதை நின்றுவிடுகிறது. அதன் பின்னரும் அம்மனிதர் 28 ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்தார். திரை விழுந்ததும் எழுந்து வந்துவிட்ட நாம், அந்த எஞ்சிய வாழ்வையும் சேர்த்து ஈண்டு நோக்குவோம்.

ஹியூஸ் 1905-ஆம் ஆண்டு டெக்ஸாஸ் மாநிலத்தில் பிறந்தார். எண்ணெய்க் கிணறு தோண்டுவோர் கடினப் பாறையைத் துளைக்க மாட்டாது திகைத்த காலம் அது. அவர் தந்தையார் அப்பாறையையும் அரைத்துச் செல்லும் துளைக்கருவி ஒன்றை உருவாக்கி, 1909-இல் உரிமைச் சாசனம் பெற்றார். அக்கருவியை அவர் விற்கவில்லை, வாடகைக்கே விட்டார். எங்கே கிணறு தோண்டினாலும் அவர் வீட்டிற்குப் பணம் வந்து சேர்ந்தது. தாயாரோ ஒரே மகனுக்கு நோய் தொற்றிவிடுமோ என்று ஓயாது அஞ்சியவர். கை கால்களையும் உடலையும் நாள்தோறும் சோதிப்பார். சிறு காய்ச்சல் கண்டாலும் ஊரை விட்டே அழைத்துச் செல்ல முனைவார். பிள்ளையிடம் அன்பு மிகுந்த தாயர் எந்நாட்டிலும் இப்படித்தான் என்று நாம் புன்னகை செய்யலாம். ஆயினும் அவ்வச்சம் அம்மகனின் நெஞ்சில் வேர் ஊன்றிவிட்டது. திரைப்படமும் அக்காட்சியிலேதான் தொடங்குகிறது.

1922-இல் தாயும், 1924-இல் தந்தையும் மறைந்தனர். பத்தொன்பதாம் வயதில் நீதிமன்றத்தின் வாயிலாகத் தம்மை வயது வந்தவராக அறிவிக்கச் செய்து, உறவினரின் பங்குகளையும் விலை கொடுத்து வாங்கி, இளைஞர் தாமே தொழிற்சாலைக்கு உரிமையாளரானார். ஆனால் மனம் தொழிற்சாலையில் நிற்கவில்லை. ஹாலிவுட் சென்று படம் எடுக்கலானார். முதல் உலகப் போரின் விமானிகளைப் பற்றிய ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ என்னும் படத்திற்காகப் பழைய போர் விமானங்களைத் திரட்டினார். வெற்று வானத்தில் விமானத்தின் விரைவு தெரியாது என்று கருதி, தக்க மேகங்கள் திரளும் வரை கூலி கொடுத்துக்கொண்டே காத்திருந்தார். படம் முடியும் தறுவாயில் பேசும் படம் வந்துவிடவே, பெரும் பகுதியை மீண்டும் எடுத்தார். 1930-இல் வெளிவந்த அப்படத்திற்காக விமானிகள் சிலர் உயிர் இழந்ததையும் நாம் மறத்தலாகாது.

1932-இல் இக்கோடீஸ்வரர் சார்லஸ் ஹோவர்டு என்னும் பொய்ப்பெயர் பூண்டு, ஒரு விமானக் கம்பெனியில் சிறு ஊதியத்திற்கு வேலைக்கு அமர்ந்தார். பயணிகளின் பெட்டிகளைத் தூக்கினார். துணை விமானியாகவும் பறந்தார். அவர் வாழ்வில் நமக்கு மிகவும் பிடித்த செய்தி இதுவே.

1935-இல் தாம் செய்வித்த எச்-1 விமானத்தில் மணிக்கு 352 மைல் விரைந்து உலகச் சாதனை நிகழ்த்தினார். எரிபொருள் தீர்ந்துபோகவே பீட் பயிரிட்டிருந்த வயலில் இறங்க நேர்ந்தது. அதில் ஆணித் தலைகளைத் தகட்டோடு சமமாகப் பதித்திருந்தனர். சக்கரங்கள் உடலுக்குள் மடங்கிக் கொண்டன. காற்று தடைப்படும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி நீக்கிய விமானம் அது. 1938 ஜூலையில் நான்கு துணைவருடன் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு, பாரிஸ், மாஸ்கோ, சைபீரியா, அலாஸ்கா வழியாக 91 மணி 17 நிமிடத்தில் உலகை வலம் வந்தார். வைலி போஸ்ட் 1933-இல் எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதியும் ஆகவில்லை. நியூயார்க் நகரமே திரண்டு வரவேற்றது.

நம் நாட்டிற்கும் இவருக்கும் ஒரு மெல்லிய தொடர்பு உண்டு. டி.டபிள்யூ.ஏ. கம்பெனியைத் தம் வசப்படுத்திய ஹியூஸ், கண்டம் கடக்கும் பெரிய விமானம் வேண்டும் என்று லாக்ஹீட் தொழிற்சாலையாரிடம் 1939-இல் கேட்டதன் பயனாகவே கான்ஸ்டெலேஷன் விமானம் தோன்றிற்று. அவ்வகையைச் சேர்ந்த ‘மலபார் பிரின்ஸஸ்’ விமானமே 1948 ஜூன் 8-ஆம் நாள் பம்பாயிலிருந்து லண்டனுக்கு ஏர் இந்தியாவின் முதல் பயணத்தை மேற்கொண்டது.

1946 ஜூலை 7-ஆம் நாள், படைக்கென உருவாக்கிய எக்ஸ்.எஃப்-11 விமானத்தைத் தாமே சோதித்துப் பறந்தார். வலப்புறச் சுழல்விசிறியில் எண்ணெய் கசிந்து, அது எதிர்த்திசையில் இழுக்கத் தொடங்கவே, விமானம் பெவர்லி ஹில்ஸ் வீடுகளின்மீது வீழ்ந்து தீப்பற்றியது. அருகில் இருந்த கடற்படைப் பிரிவு வீரர் ஒருவர் அவரை நெருப்பிலிருந்து வெளியே இழுத்தார். விலா எலும்புகள் பல முறிந்தன, நுரையீரல் நலிவுற்றது. வலி தணிக்கக் கொடுத்த மருந்து பின்னர் அவரைவிட்டு நீங்கவேயில்லை. ஆயினும் அடுத்த ஏப்ரலிலேயே அவ்வகை விமானம் மற்றொன்றை ஓட்டிக் காட்டினார். அவர் மன உறுதிக்கு இது ஒன்றே போதிய சான்று.

போர்க்காலத்தில் அரசு கேட்ட மாபெரும் கடல் விமானமோ போர் முடிந்த பின்னும் முடிந்தபாடில்லை. அலுமினியம் கிட்டாமையால் மரத்தாலேயே கட்டினார். இறக்கையின் நீளம் 320 அடி, எஞ்சின்கள் எட்டு. பொதுப்பணத்தை வீணாக்கினார் என்று 1947-இல் செனட் சபையின் குழு அவரை விசாரித்தது. அஞ்சாது விடையிறுத்தார். நவம்பர் 2-ஆம் நாள் லாங் பீச் துறைமுகத்தில், நீரில் ஓட்டிப் பார்ப்பதாகவே கூறியிருந்த அவ்விமானத்தைச் சற்றே உயர்த்தி ஒரு மைல் அளவு பறக்கச் செய்தார். அது மீண்டும் பறக்கவில்லை. படம் இங்கே முடிகிறது.

பின்னர் நிகழ்ந்தவற்றைக் கூறுவது எளிதன்று. கிருமி அச்சம் அவரை முற்றும் பற்றிக்கொண்டது. பழ டப்பாவைத் திறப்பது எப்படி என்று பணியாளர்க்குப் பக்கம் பக்கமாக விதி வகுத்தார். எப்பொருளையும் மெல்லிய காகிதத்தால் பற்றியே கொடுத்தல் வேண்டும். 1966-இல் டி.டபிள்யூ.ஏ. பங்குகளை 54 கோடி டாலருக்கு மேல் விற்றார். அவ்வாண்டிறுதியில் லாஸ் வேகாஸ் நகரின் ஒரு விடுதியில் ஒன்பதாம் மாடியில் புகுந்தார். அறையைக் காலி செய்யச் சொன்னபோது விடுதியையே வாங்கிவிட்டார். திரையிட்ட சாளரங்களுக்குப் பின்னே நான்கு ஆண்டுகள் கிடந்தார். தூய்மைக்கு அஞ்சியவரே முடியும் நகமும் வெட்டாமல் இருந்தார் என்பது இந்நோயின் கொடிய முரண். உளவியலார் இதனை எண்ணச் சுழற்சி நோய் என்பர். இன்று இதற்குச் சிகிச்சை உண்டு. பித்து என்று எள்ளுவோர் நம்மிடையேயும் உளர், அது முறையன்று.

சூழ்ந்திருந்த பணியாளர்மீதே நமக்கு வருத்தம் மிகுகிறது. சொன்னதைச் செய்வதற்கு ஆள் இருந்தனர். மறுத்துச் சொல்லி மருத்துவத்திற்கு உட்படுத்த ஒருவரும் இல்லை. இரண்டாம் மனைவியான நடிகை ஜீன் பீட்டர்ஸும் 1971-இல் மணவிலக்குப் பெற்றார்.

1976 ஏப்ரல் 5-ஆம் நாள், மெக்ஸிகோவின் அகபுல்கோவிலிருந்து ஹூஸ்டன் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியில், விமானத்திலேயே உயிர் நீத்தார். ஆறடிக்கு மேல் உயர்ந்த அவ்வுடல் ஏறக்குறைய 90 பவுண்டே இருந்தது. உருவம் அடையாளம் தெரியாமையால் விரல் ரேகையைக் கொண்டே இன்னார் என்று உறுதி செய்தனர்.

செல்லத்தக்க உயில் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்ததாகச் சொன்ன ஒன்று பொய் என 1978-இல் தீர்ப்பாயிற்று. 1953-இல் அவர் தோற்றுவித்த மருத்துவ ஆராய்ச்சி நிலையம், வரிக்காகச் செய்த ஏற்பாடு என்று அன்று பலர் ஐயுற்றனர். பின்னர் அது உயிரியல் ஆராய்ச்சிக்குப் பெருந்துணையாய் வளர்ந்தது. அந்த மர விமானத்தை அவர் இறக்கும் வரை கொட்டகையில் ஆள் வைத்துப் பேணி வந்தார். இன்று அது ஒரேகான் மாநிலத்தின் மக்மின்வில் நகரில் காட்சிக்கு நிற்கிறது. அவரோ ஹூஸ்டன் நகரில் தாய் தந்தையர்க்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.