ஏழு என்றால் எவ்வளவு? – மரியா மாண்டிசோரியின் கதை



மாலை 5 மணிக்கு மேல் நம் சிறுவர் பூங்காப் பக்கம் உட்கார்ந்தால் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். ஒரு தாத்தாவோ பாட்டியோ பேரக்குழந்தையை நிறுத்தி, மாமாவுக்கு ஒன், டூ, த்ரீ சொல்லிக் காட்டச் சொல்வார். குழந்தை மூச்சுவிடாமல் சொல்லும். நாம் எல்லோரும் கை தட்டுவோம். அந்தத் தாத்தாக்களில் நானும் ஒருவன்.

என் பேரனுக்கு நாலு வயது. நூறு வரை தட்டுத் தடுமாறாமல் சொல்வான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜைக்கு 7 ஸ்பூன் எடுத்து வரச் சொன்னேன். இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தான். எண்ணிப் பார்த்தால் 11. எத்தனை கொண்டுவந்தாய் என்று கேட்டால், சந்தேகமே இல்லாமல் ஏழு என்கிறான்.

வங்கியில் காலமெல்லாம் நோட்டு எண்ணியே ஓய்வு பெற்றவனுக்கு அது சுருக்கென்று பட்டது. பையனுக்கு எண்களின் பெயர் வரிசையாகத் தெரிகிறது. ஏழு என்றால் எவ்வளவு என்பது தெரியவில்லை. நாங்கள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது பாட்டு, கணக்கு இல்லை.

இந்த வித்தியாசத்தை 100 வருடத்துக்கு முன்பே கண்டுகொண்டு, அதற்கு மருந்தும் கண்டவர் ஒரு டாக்டர் அம்மாள். எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு மழலையர் பள்ளிப் பலகையில் அவர் பெயர் இருக்கும். ஆனால் அது ஒரு மனுஷியின் பெயர் என்றோ, அவர் நம் அடையாறிலும் கொடைக்கானலிலும் வருடக்கணக்கில் வாழ்ந்தார் என்றோ நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் ஸ்பூன் விவகாரத்துக்குப் பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியில் கியாராவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். ஒரே பெண். அப்பா அரசாங்க நிதித் துறையில் உத்தியோகஸ்தர். கணக்கு வழக்கு பார்க்கிற குடும்பம். மரியாவுக்கும் கணக்கில் ஆசை. பெண் பிள்ளைகள் ஆசிரியை வேலைக்கு மேல் யோசிக்காத காலத்தில், இன்ஜினியர் ஆக வேண்டும் என்று பையன்கள் படிக்கிற தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு மனம் மருத்துவத்துக்குத் திரும்பியது. ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் பார்ப்பது பெண்ணுக்கு அழகில்லை என்று, வகுப்பு முடிந்தபின் மாலையில் தனியாக அந்த வேலையைச் செய்ய வைத்தார்கள். அதையும் செய்து, 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களில் அவர் ஒருவர்.

வேலைக்குப் போன இடத்தில் மனநல விடுதிகளைப் பார்க்க நேர்ந்தது. மூளை வளர்ச்சி குறைந்த குழந்தைகளைப் பெரியவர்களோடு ஒன்றாக அடைத்து வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்க்கவோ விளையாடவோ ஒரு பொருள் கிடையாது. இவர்களுக்கு வேண்டியது மருந்தை விடக் கல்விதான் என்று மரியாவுக்குத் தோன்றியது. இடார், செகேன் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் எழுத்துகளைத் தேடிப் படித்து, கையால் தொட்டும் நகர்த்தியும் கற்கிற கருவிகளைச் செய்தார். 1900-ல் இந்தக் குழந்தைகளுக்கென்று ரோமில் தொடங்கிய பள்ளிக்குப் பொறுப்பேற்றார். எதற்கும் லாயக்கில்லை என்று தள்ளி வைத்த குழந்தைகளில் சிலர், சாதாரணப் பிள்ளைகள் எழுதுகிற பரீட்சையில் தேறினார்கள். ஊர் பாராட்டியது. அவருக்கோ வேறு கவலை: இந்தக் குழந்தைகளே இவ்வளவு செய்தால், நல்ல நிலையில் இருக்கிற குழந்தைகளை நம் பள்ளிகள் எவ்வளவு கீழே அழுத்தி வைத்திருக்க வேண்டும்?

அவர் வாழ்க்கையின் பெரிய வலியும் அந்தப் பள்ளிக் காலத்தில்தான். உடன் வேலை பார்த்த டாக்டர் மொன்டெசானோவுக்கும் அவருக்கும் 1898-ல் மாரியோ என்ற மகன் பிறந்தான். கல்யாணம் ஆகவில்லை. குழந்தை வெளியே தெரிந்தால் வேலையும் பெயரும் போய்விடும் என்ற நிலை. குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். மொன்டெசானோ 1901-ல் வேறொரு பெண்ணை மணந்தார். மரியா அந்தப் பள்ளியை விட்டே விலகினார். ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் வழி காட்டியவர் தன் குழந்தையை அவ்வப்போது போய்ப் பார்க்கும் விருந்தாளியாகத்தான் இருந்தார். மரியாவின் தாயார் காலமான பிறகு, பையனுக்குப் பதினைந்து வயது ஆகும்போதுதான் அவனைத் தன்னோடு அழைத்துக்கொள்ள முடிந்தது.

1907 ஜனவரி 6. ரோமில் சான் லொரென்ஸோ என்ற ஏழைப் பேட்டை. அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பழுதுபார்த்த நிறுவனத்துக்கு ஒரு தலைவலி. பெற்றோர் வேலைக்குப் போனபின் சின்னக் குழந்தைகள் மாடிப்படியிலும் சுவரிலும் செய்கிற சேதம் தாங்கவில்லை. ஒரு அறையில் அவர்களைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ள மரியாவைக் கூப்பிட்டார்கள். உலகப் புகழ் பெற்ற அந்தக் குழந்தைகள் இல்லம், நம்மைப் போன்ற ஒரு குடியிருப்பின் கீழ்த்தள அறையில், நம் பொதுக்குழுவில் வருகிற மாதிரியான ஒரு புகாரில் ஆரம்பித்தது என்பதைக் கவனியுங்கள்!

அங்கேதான் எண் பாடம் உருவானது. முதலில் அவர் எடுத்தது சில்லறைக் காசு. ஒன்று, இரண்டு, நாலு என்று காசுகளைக் கொடுத்து மாற்றச் சொன்னார். சில்லறை மாற்றுவதில் குழந்தைக்கு உள்ள ஆர்வம் வேறு எதிலும் இல்லை என்பது அவர் அனுபவம். (கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் என்ற முறையில் நானும் வழிமொழிகிறேன்.)

அடுத்து, 10 மரக்கோல்கள். மிகச் சின்னது 10 சென்டிமீட்டர், மிக நீளமானது 1 மீட்டர். ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் சிவப்பு, நீலம் என்று மாற்றி மாற்றி வண்ணம். ஏன் கோல்? உதிரிப் பொருள்களை எண்ணும்போது, மூன்றாவதாகத் தொட்டதற்கு மட்டும்தான் மூன்று என்று பெயர் என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். கோலில் அந்தக் குழப்பம் இல்லை. ஐந்து என்பது கையில் பிடிக்கிற ஒரே பொருள். நாலை விட நீளம், ஆறை விடக் குட்டை. 9-ன் பக்கத்தில் 1-ஐ வைத்தால் 10-க்குச் சமம். 8-க்கு 2, 7-க்கு 3, 6-க்கு 4. கூட்டல் என்ற சொல்லைச் சொல்லாமலே கூட்டல் வந்துவிடுகிறது.

அளவு கைக்குப் பழகிய பிறகுதான் எழுத்து. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய இலக்கங்களை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அதன் பிறகு, 0 முதல் 9 வரை எழுதிய 10 அறைகள் உள்ள பெட்டி. கூடவே 45 குச்சிகள். எந்த அறையில் எந்த எண் இருக்கிறதோ அத்தனை குச்சி போட வேண்டும். பூஜ்யத்தின் அறை காலியாகவே இருக்கும்.

அந்தப் பூஜ்யத்துக்கு அவர் ஒரு விளையாட்டே வைத்திருந்தார். ஒரு குழந்தையைப் பார்த்து, என்னிடம் மூன்று தரம் வா என்பார். பிறகு, பூஜ்யம் தரம் வா என்பார். குழந்தை ஓடி வந்துவிடும். இது ஒரு தரம் ஆயிற்றே என்று சிரிப்பார். கடைசியில் ஒரு குழந்தை, வராமல் உட்கார்ந்திருப்பதுதான் பூஜ்யம் என்று கண்டுபிடித்துக் குதிக்கும். இன்னொரு விளையாட்டில் மடித்த சீட்டை எடுத்து, அதிலுள்ள எண்ணுக்குத் தக்கபடி பொருள் எடுத்து வர வேண்டும். பூஜ்யம் வந்த குழந்தை, மற்றவர்கள் எல்லாம் எழுந்து போய் எடுக்கும்போது ஆசையை அடக்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். பெரியவர்களுக்கே கஷ்டமான காரியம்!

என்னை அதிகம் யோசிக்க வைத்தது குச்சிப் பெட்டிதான். 0 முதல் 9 வரை கூட்டினால் சரியாக 45. நடுவில் ஓர் அறையில் ஒன்று அதிகமாகப் போட்டால், ஒன்பதாம் அறைக்கு ஒன்று குறையும். தப்பு நடந்தது என்று டீச்சர் சொல்ல வேண்டியதில்லை, பெட்டியே சொல்லிவிடும். சாயங்காலம் ரொக்கம் டேலி ஆகாவிட்டால் கேஷியர் என்ன செய்வார்? மானேஜர் திட்டும் முன் தானே மறுபடி எண்ணிப் பார்ப்பார். அந்த மரியாதையை அவர் நாலு வயதுக் குழந்தைக்குக் கொடுத்தார்.

நான் என் மகளுக்குக் கொடுக்கவில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும். அவள் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது, வங்கியிலிருந்து களைத்து வந்து வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வேன். தடுமாறினால் குரல் உயரும். பி.காம். படித்தவன் பெண்ணுக்கு இது வராதா என்பேன். கணக்கு வேண்டாம் என்பதை வைத்தே அவள் கல்லூரிப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாள். இன்றும் கடையில் மீதிச் சில்லறையை எண்ணாமல் பைக்குள் போட்டுக்கொள்வாள். ஸ்பூன் விவகாரத்துக்குப் பிறகு நான் பேரனுக்குச் சொல்லித் தருகிறேன் என்றபோது, சத்தம் போடாமல் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: அவனைத் தப்பு என்று சொல்லக் கூடாது, அப்பா. எனக்குப் பதில் வரவில்லை.

கதைக்கு வருவோம். 1909-ல் மரியா தன் முறையைப் புத்தகமாக எழுதினார். பல மொழிகளுக்குப் போயிற்று. பின்னாளில் தங்க நிற மணிகள் வந்தன. ஒற்றை மணி ஒன்று. 10 மணி கோத்தால் ஒரு கம்பி. 10 கம்பி சேர்ந்தால் 100-ன் சதுரம். 10 சதுரம் அடுக்கினால் 1000-ன் கனசதுரம். வங்கிக்காரர்களுக்கு உடனே புரியும்: 100 நோட்டு ஒரு பாக்கெட், 10 பாக்கெட் ஒரு பண்டல். ஆயிரம் எவ்வளவு என்பதைக் குழந்தை கை கனத்தில் அறிந்துகொள்கிறது. எண் கணிதத்துக்கென்றும் வடிவியலுக்கென்றும் அவர் எழுதிய இரண்டு புத்தகங்கள் 1934-ல் பார்சிலோனாவில் வெளிவந்தன.

அதே 1934-ல் முசோலினி ஆட்சியோடு உறவு முறிந்தது. முதலில் ஆதரித்த அரசு பள்ளிகளில் தலையிட ஆரம்பித்தது, அவர் இணங்கவில்லை. இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஹிட்லரின் ஜெர்மனியிலும் அதே கதி. 1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்தும் கிளம்பி நெதர்லாந்து போனார்.

1939-ல், 69 வயதில், மகன் மாரியோவோடு சென்னை வந்தார். அழைத்தவர் அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல். ருக்மிணி தேவியின் கணவர். முதல் பயிற்சி வகுப்பில் 300-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொன்னார். சில மாதங்களில் திரும்புவதாக இருந்த பயணம். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசுக்கு இருவரும் எதிரி நாட்டார் ஆகிவிட்டார்கள். மாரியோவை முகாமில் அடைத்தார்கள். அம்மா அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. பதினைந்து வருடம் பிரிந்திருந்து சேர்ந்த மகன் மறுபடி பிரிக்கப்பட்டான். அந்த ஆகஸ்ட் 31 அன்று, அவருடைய 70-ஆவது பிறந்தநாளில், வைஸ்ராய் மாரியோவை விடுவித்தார்.

போர்க் காலத்தில் கொடைக்கானலில் தங்கி, பல வயதுக் குழந்தைகளோடு செடி கொடி, உயிரினம் என்று பாடத்தை விரித்தார். அகமதாபாத், கராச்சி, இலங்கை என்று பயிற்சி நடத்தினார். 1946-ல் ஐரோப்பா போய், மறு வருடமே திரும்பி வந்து, 1949-ல்தான் இந்தியாவிலிருந்து கடைசியாக விடைபெற்றார். அந்த வருடம் முதல் மூன்று முறை நோபல் அமைதிப் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது, கிடைக்கவில்லை. 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் நோர்ட்வைக் என்ற கடலோர ஊரில் காலமானார். மாரியோ அவர் பணியைத் தொடர்ந்தார். யூரோ வரும் முன் இத்தாலியில் புழங்கிய 1000 லிரா நோட்டில் மரியாவின் முகம்தான். பின்பக்கம் படிக்கிற குழந்தைகள். ஒரு கணக்கு டீச்சருக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை இருக்குமா!

நண்பர்களே, அவருடைய கருவிகளை விலைக்கு வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம் என்பதால், பள்ளியில் சேர்க்கும் முன் உள்ளே போய், குழந்தைகள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் புளியங்கொட்டையும் முட்டை அட்டைப்பெட்டியும் போதும். அட்டையில் 10 குழிகளுக்கு 0 முதல் 9 வரை எழுதி, 45 கொட்டைகளை எண்ணிக் கொடுங்கள். லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் படி ஏறி எண்ணுங்கள். இருபது என்ற நம் சொல்லுக்குள்ளேயே இரண்டு பத்து இருக்கிறது. தமிழிலும் எண்ணச் சொல்லுங்கள். ஆறு வரை நன்றாகப் புரிந்தால் போதும், நூறுக்கு அவசரம் இல்லை.

நேற்று என் பேரனின் ஒன்பதாம் குழியில் எட்டுக் கொட்டைதான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவன் பெட்டியை முறைத்துப் பார்த்தான், சோபாவுக்கு அடியில் தேடினான், பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். சமையலறை வாசலில் நின்று என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளும் வந்து தரையில் உட்கார்ந்து, அவனோடு எண்ண ஆரம்பித்தாள்.

– ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர், சி பிளாக்