முத்துக்குளித்துறையின் அப்போஸ்தலர் புனித சவேரியார்

நாம் கரிசல் மண்ணில் வாழ்கிறவர்கள். கடல் நமக்குத் தொலைவு. ஆயினும் திருப்பயணம் என்றதும் நம் பங்கு மக்களின் நினைவு மணப்பாட்டை நாடுகிறது. திருநெல்வேலி, திருச்செந்தூர் வழியாகச் சென்று, கடலோரக் குன்றின்மேல் ஏறினால் 1581-ல் எழுந்த திருச்சிலுவை ஆலயத்தைக் காண்கிறோம். கடலைப் பார்த்த சரிவில் ஒரு குகை உள்ளது. புனித பிரான்சிஸ் சவேரியார் அங்கே தங்கிச் செபித்தார் என்பது வழிவழி வந்த மரபு. அக்குகையில் முழந்தாளிடுவோர் அவர் வாழ்வையும் அறிந்திருப்பது நன்று.

இன்றைய ஸ்பெயின் நாட்டின் நவார் பகுதியில், சவியேர் கோட்டையில் 1506 ஏப்ரல் 7-ல் அவர் பிறந்தார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பட்டமும் புகழும் தேடிய அவ்விளைஞரைப் புனித இஞ்ஞாசியாரின் நட்பு மாற்றியது. 1537-ல் வெனிஸ் நகரில் குருப்பட்டம் பெற்றார். 1541-ல் லிஸ்பனில் கப்பலேறி, 1542 மே 6-ல் கோவா வந்தடைந்தார். அவ்வாண்டே அக்டோபரில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார்.

இக்கரையில் பரதவ குல மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் போதிக்கக் குருக்கள் இல்லை, செபங்கள் தெரியவில்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இன்று பனிமய மாதா பேராலயம் விளங்கும் தூத்துக்குடியில், இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டிவைத்து, செபங்களையும் கற்பனைகளையும் தமிழில் பெயர்க்கச் செய்தார். பாரிஸில் கற்பித்த பேராசிரியர் பள்ளிச் சிறுவனைப்போல் அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளை அழைத்தார். பிள்ளைகள் கற்றதை வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

அவர் மக்களின் ஆன்மாவை மட்டும் நினைத்தவர் அல்லர். 1544-ல் வடுகர் படை கரையோர ஊர்களைச் சூறையாடியது. மக்கள் கன்னியாகுமரியருகே பாறைகளில் ஒளிந்து பசி தாகத்தால் வாடினார்கள். சவேரியார் 20 தோணிகளுடன் மணப்பாட்டிலிருந்து உதவிக்குப் புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை, எனவே கால்நடையாகவே சென்று அவர்களுக்குத் துணை நின்றார். அம்மக்களை வருத்திய போர்த்துக்கீசியத் தளபதியைக் கண்டிக்கவும் அவர் தயங்கவில்லை.

1545-ல் மயிலாப்பூரில் புனித தோமையாரின் கல்லறையருகே செபித்துவிட்டு, மலாக்காவுக்கும் அப்பாலுள்ள தீவுகளுக்கும் சென்றார். 1549-ல் ஜப்பானில் இறங்கினார். சீன நாட்டுக்குள் நுழையக் காத்திருந்தபோது, அதன் கரையோரத் தீவொன்றில் 1552 டிசம்பர் 3-ல் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 46. அவர் திருவுடல் கோவாவில் உள்ளது. 1622-ல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

எண்ணிப் பாருங்கள்: இக்கரையில் அவர் தொடர்ந்து உழைத்தது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். பின்னர் சில நாட்கள் வந்து போனார், அவ்வளவே. அப்படியிருக்க, விசுவாசம் நிலைத்தது எவ்வாறு? அவர் ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை ஏற்படுத்தியிருந்தார். செபம் சொல்லிக் கொடுப்பதும், சாகும் தறுவாயிலுள்ள குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. அவர்களுடைய சம்பளத்துக்காக, போர்த்துக்கல் அரசியின் பாதணிச் செலவுக்கென்று இக்கரையிலிருந்து ஆண்டுதோறும் சென்ற 4000 பணத்தைக் கேட்டுப் பெற்றார். அரசியின் காலுக்குச் சேரவேண்டிய பணம் ஏழைப் பிள்ளைகளின் ஞானோபதேசத்துக்கு உதவியது! அவருக்குப்பின் வந்த ஹென்றிக்கஸ் அடிகளார் 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் தமிழ் நூலை அச்சிட்டதும் இப்பணியின் தொடர்ச்சியே.

குருவானவர் எப்போதாவது வந்துபோன காலத்தில், உள்நாட்டுச் சிற்றூர்களிலும் விசுவாச விளக்கை அணையாமல் காத்தவர்கள் உபதேசியார்களும் தாய்மார்களுமே. இன்று கோவில் அருகிலேயே இருக்கிறது, குருவும் இருக்கிறார். ஆனால் மாலையில் குடும்பச் செபம் சொல்லும் வீடுகள் எத்தனை? ஞாயிறு மறைக்கல்விக்குத் தவறாமல் வரும் பிள்ளைகள் எத்தனை பேர்? யூபிலி ஆண்டில் இக்கேள்வியை நாம் தட்டிக் கழிக்கலாகாது.

ஆகவே மணப்பாட்டுக்குச் செல்வோம். குகையில் மண்டியிடுவோம். ஆனால் திரும்பி வந்த அன்று மாலையே நம் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, ஒரு செபத்தையாவது பொருளுடன் கற்றுக் கொடுப்போம். அப்போதுதான் நம் திருப்பயணம் நிறைவு பெறும்.

புனித சவேரியாரே, எங்கள் பங்குக்காக வேண்டிக்கொள்ளும்.