வேடரிடம் கற்ற பறவையியலாளர்

இந்தியப் பறவைகளைப் பற்றிய நூல்களில் பெரும்பாலும் ஒரு பெயர் இடம்பெற்றிருக்கும். அப்பெயர் சலீம் அலி. 'இந்தியாவின் பறவை மனிதர்' என உலகம் போற்றும் அவர், பறவையியலில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று அத்துறைக்கு வந்தவர் அல்லர். காடும் கழனியும் ஏரியும் குளமுமே அவருடைய வகுப்பறைகள். அங்கே அவருக்குப் பாடம் சொன்னவர்களுள் எழுதப் படிக்க அறியாத வேடர்களும் இருந்தனர்.

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மும்பையில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்த அவரைத் தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜி வளர்த்தார். சிறுவனாக இருந்தபோது, மாமன் அளித்த காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டினைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று இருந்தது. இஃது எவ்வகைப் பறவை என்னும் ஐயம் அவரை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அழைத்துச் சென்றது. அதன் செயலர் மில்லார்ட், சிறுவனை அன்புடன் வரவேற்றுப் பறவையின் பெயரைச் சொன்னார். பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த நூற்றுக்கணக்கான பறவைகளையும் காட்டினார். வேட்டைக்காக நீண்ட கை அன்று முதல் ஆராய்ச்சியை நோக்கித் திரும்பியது.

இளமையில் குடும்பத் தொழிலைக் கவனிப்பதற்காகப் பர்மா நாட்டின் தவோய் பகுதிக்குச் சென்றார். அங்கும் அவர் மனம் வணிகத்தைவிடக் காட்டுப் பறவைகளையே நாடியது. தாயகம் திரும்பிய அவர், 1926இல் மும்பையிலிருந்த வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் ஆனார். அங்கு வருவோர்க்கு இயற்கையின் அருமையை எளிய சொற்களில் விளக்குவது அவருடைய பணி. அறிந்ததைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் அந்தப் பழக்கம் வாழ்நாள் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

பின்னர் செருமனி சென்று பறவையியலறிஞர் இசுட்ரெசுமானிடம் பயிற்சி பெற்றார். திரும்பி வந்தபோது அவருக்கு வேலை இல்லை. மனைவி தெமீனாவுடன் கிகிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் தங்கினார். வறுமைக்கு அஞ்சி வாடாமல், அருகிலிருந்த மரத்தில் கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் உற்று நோக்கினார். ஆண் குருவி கூட்டைப் பாதியளவு கட்டும்; பெண் குருவி வந்து பார்த்து, தனக்குப் பிடித்த கூட்டை ஏற்றுக்கொள்ளும்; அதன் பிறகே ஆண் அக்கூட்டை முழுமையாக்கும்; பின்பு வேறொரு கூட்டைக் கட்டத் தொடங்கும். பொறுமையாகக் கண்டறிந்த இச்செய்திகள் அவருக்குப் புகழைத் தேடித் தந்தன.

அடுத்து ஐதராபாத்து, திருவிதாங்கூர், கொச்சி முதலிய அரசுகளின் பகுதிகளில் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியை மேற்கொண்டார். ஐதராபாத்துப் பணிக்கு அவர் ஊதியம் பெறவில்லை. செலவுக்கு மட்டுமே பணம் பெற்றார். 1939இல் தெமீனா மறைந்தார். அத்துயரிலும் பணியை நிறுத்தாத சலீம் அலி, 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய நூலை வெளியிட்டார். வண்ணப் படங்களுடன் அமைந்த அந்நூல், எளிய வாசகரும் தம் வீட்டுத் தோட்டத்துப் பறவையைப் பெயர் சொல்லி அழைக்க வழி செய்தது.

ஆண்டுதோறும் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து இலட்சக்கணக்கான பறவைகள் நம் நாட்டிற்கு வருகின்றன. அவை எங்கிருந்து வருகின்றன, எவ்வழியே செல்கின்றன என்பதை அறிய ஒரு வழி உண்டு. பறவையை உயிருடன் பிடித்து, எண் பொறித்த சிறு வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்க விட வேண்டும். தொலைநாட்டில் அப்பறவை மீண்டும் கிடைத்தால் அதன் பயணம் புலப்படும். ஆயினும் ஒரு சிறகும் முறியாமல் ஆயிரக்கணக்கான பறவைகளைப் பிடிப்பது எங்ஙனம்? அக்கலை அறிவியலாளர்களுக்கு எளிதாக இருக்கவில்லை.

அதனை அறிந்தவர்கள் பீகாரில் வாழ்ந்தனர். மீர்சிகார் எனப்படும் அச்சமூகத்தார், பறவை பிடிப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர்கள். எப்பறவை எந்நேரத்தில் இரை தேடும், எந்த வரப்பின்மீது நடக்கும், எவ்வொலிக்கு அருகில் வரும் என்பன எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. தந்தை மகனுக்குக் கற்பித்த அறிவு அது. 1960களில் மும்பைக் கழகம் நடத்திய வலசை ஆய்வில் சலீம் அலி அவர்களைச் சேர்த்துக்கொண்டார். சந்தைக்காகப் பறவை பிடித்த கைகள் ஆய்வுக்காகப் பிடித்தன. வளையம் மாட்டியபின் பறக்க விட்டன. தமிழ்நாட்டின் கோடியக்கரையிலும் இராசசுத்தானின் பரத்பூரிலும் இப்பணி நடந்தது. பரத்பூரில் வளையமிடப்பட்ட வாத்துகள் சோவியத்து நாட்டின் தொலைவிடங்களில் கிடைத்தன. வேடரின் கைத்திறனும் அறிவியலாரின் குறிப்பேடும் கூடியதால் விளைந்த பயன் இது.

பரத்பூரின் கேவலாதேவ் சதுப்புநிலம் முன்பு மன்னரின் வேட்டைக்களமாக இருந்தது. 1938இல் ஒரே நாளில் அங்கு நாலாயிரத்திற்கும் மேற்பட்ட பறவைகள் சுடப்பட்டன. விடுதலைக்குப் பின் அந்நிலத்தை உழவுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, பறவைகளுக்காக வாதாடி அதனைக் காத்தவர்களுள் சலீம் அலி முதன்மையானவர். இப்பெருமையோடு நாம் கற்க வேண்டிய கடினமான பாடமும் அந்நிலத்திலேயே உள்ளது.

அங்குச் சுற்றூர் மக்களின் எருமைகள் நெடுங்காலமாக மேய்ந்துவந்தன. மேய்ச்சல் பறவைகளுக்குக் கேடு விளைவிக்கும் என்று அக்காலப் பறவையியலாளர் பலர் எண்ணினர். சலீம் அலியின் கருத்தும் அதுவே. அப்பகுதி தேசியப் பூங்கா ஆக்கப்பட்டதை அடுத்து, 1982இல் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. மாற்று மேய்ச்சல் நிலம் இல்லாத மக்கள் கொதித்தெழுந்தனர். மோதலில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து ஊரார் சிலர் உயிரிழந்தனர்.

மும்பைக் கழகத்தின் ஆய்வாளர்கள் அங்குப் பத்தாண்டுக் காலம் ஆராய்ந்தனர். எருமைகள் வெளியேறியபின் முரட்டுப் புல் மிகுந்து நீர்ப்பரப்பை மூடியது. நீந்தவும் இரை தேடவும் இடமின்றிப் பறவைகள் பாதிக்கப்பட்டன. எருமைகள் மேய்ந்ததால்தான் நீர் திறந்திருந்தது என்பது தெரியவந்தது. சலீம் அலி கட்டிக்காத்த கழகமே, அவருடைய கருத்துக்கு மாறான முடிவை மறைக்காமல் வெளியிட்டது. உண்மையை நிலத்தில் இறங்கித் தேட வேண்டும் என்று அவர் கற்பித்த நெறிக்கு இதுவும் ஒரு சான்று. தடைக்கு முன்பே ஊராரைக் கலந்திருந்தால் உயிர்களும் போயிரா, பறவைகளும் துன்புற்றிரா. பின்னாளில் புல் அறுத்துச் செல்ல மக்களுக்கு இசைவு தரப்பட்டது.

பத்ம பூசண், பத்ம விபூசண் விருதுகளைப் பெற்று, மாநிலங்களவை உறுப்பினராகவும் விளங்கிய சலீம் அலி, 1987இல் தம் 90ஆம் வயதில் மறைந்தார். அவர் பெயரால் 1990இல் கோயம்புத்தூரில் பறவையியல் ஆய்வு மையம் நிறுவப்பட்டது.

இன்று கேவலாதேவ் பூங்காவிற்குச் செல்வோரை ரிக்சாக்காரர்கள் அழைத்துச் செல்கின்றனர். பறவைகளைப் பற்றிப் பயிற்சி பெற்ற அவர்கள், வண்டியை நிறுத்தி மரக்கிளையில் அசையாமல் அமர்ந்திருக்கும் ஆந்தையைச் சுட்டுகின்றனர். நீரில் நிற்கும் நாரையின் பெயரைச் சொல்கின்றனர். பறவை வாழ்ந்தால் அவர்கள் குடும்பமும் வாழும். எனவே பறவையைக் காப்பது அவர்களுக்குத் தம் வீட்டைக் காப்பதாகும்.

நீங்கள் வாழும் ஊரிலும் ஏரியை அறிந்த மீனவரும், மழையை அறிந்த உழவரும், மரத்தை அறிந்த மூதாட்டியும் இருப்பர். அவர்களிடம் சென்று கேளுங்கள். கேட்டதைக் கண்ணால் கண்டு குறித்து வையுங்கள். சலீம் அலியின் வாழ்வு காட்டும் கல்வி அதுவே.

சிந்தித்து விடை எழுதுக

1. சலீம் அலியின் மனம் வேட்டையிலிருந்து ஆராய்ச்சிக்குத் திரும்பிய நிகழ்ச்சியை விவரிக்க.
2. மீர்சிகார் சமூகத்தாரின் அறிவு வலசை ஆய்வுக்கு எவ்வாறு பயன்பட்டது?
3. கேவலாதேவில் மேய்ச்சல் தடையால் மக்களுக்கும் பறவைகளுக்கும் நேர்ந்தவை யாவை?
4. உம் ஊரில் வாழும் முதியவர் ஒருவரிடம் ஒரு பறவையைப் பற்றிக் கேட்டறிந்து, ஒரு வாரம் அப்பறவையை உற்று நோக்கி, கேட்டதும் கண்டதும் ஒத்துள்ளனவா என ஒரு பக்கம் எழுதுக.