மழைக்கால பிளேலிஸ்ட்டில் சந்திரபாபு ஏன் இருக்கணும்? கொழும்பு வழியா வந்த ஒரு மேற்கத்தியக் குரலின் கதை

ஐப்பசி மழையில ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ல போயிருக்கீங்களா? மேற்கே மலை தெரியாது, மேகம்தான் தெரியும். ஜன்னலை மூடிட்டு இயர்போனை மாட்டினா, போன் தானாவே இலையுதிர் காலத்துக்கான பழைய இங்கிலீஷ் பாட்டு லிஸ்ட் ஒன்றை நீட்டும். அதுல நாட் கிங் கோல் பாடிய 'ஆட்டம் லீவ்ஸ்' கட்டாயம் இருக்கும்.

அக்டோபரில் நம்ம ஊர்ல இலை உதிராது, மழைதான் கொட்டும். ஆனா இந்தப் பருவத்துக்குத் தமிழில் தனிப் பெயரே உண்டு: கூதிர். ஐப்பசி, கார்த்திகை இரண்டும் சேர்ந்தது. வேலை ஓடாம, பழசெல்லாம் ஞாபகத்துக்கு வர்ற காலம். இந்தக் கூதிருக்கான மேற்கத்தியப் பாட்டைத் தேடி அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம். பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியில் பிறந்த ஒருத்தர் அதைத் தமிழிலேயே பாடிவைத்துவிட்டுப் போயிருக்கார். அவர்தான் ஜே.பி. சந்திரபாபு.

யார் இவர்?

1927 ஆகஸ்ட்டில் பிறந்தவர். இயற்பெயர் ஜோசப் பனிமயதாஸ். தூத்துக்குடி பனிமய மாதா மீதான பக்தியில் வைத்த பெயர். அப்பா சுதந்திரப் போராட்டக்காரர், 'சுதந்திர வீரன்' என்ற பத்திரிகையை நடத்தியவர். பிரிட்டிஷ் அரசு பத்திரிகையைப் பறித்து, அவரை ஜெயிலில் போட்டது. 1929-ல் இலங்கைக்கும் அனுப்பியது. குடும்பமும் கொழும்புக்குப் போனது.

அப்பாவுக்கு அது தண்டனை. பையனுக்கு அதுவே இசைப் பள்ளியா ஆச்சு. கொழும்பு உலகக் கப்பல்கள் எல்லாம் வந்து நிற்கும் துறைமுகம். சர்ச் பாட்டு, இங்கிலீஷ் ரெக்கார்டு, மேற்கத்திய நடனம் என்று எல்லாம் காதில் விழும் ஊர். அங்கே படித்து வளர்ந்த சந்திரபாபு, 1943-ல் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பியபோது அந்தச் சத்தங்களையும் கூடவே கொண்டுவந்தார்.

யூடலிங் என்றால் என்ன?

சந்திரபாபு பாட்டில் திடீர்னு குரல் உடைந்து மேலே தாவும், அடுத்த நொடியே கீழே இறங்கும். அதுதான் யூடலிங். பேசும்போது வர்ற நெஞ்சுக் குரலில் இருந்து மெல்லிய தலைக் குரலுக்கு வேகமா மாறி மாறிப் போறது. சாதாரணமா பாடகர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள முறிவை மறைக்கத்தான் பயிற்சி எடுப்பாங்க. யூடலிங்கில் அந்த முறிவுதான் அழகு.

ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்ப்பவர்கள் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்ட முறை இது. அமெரிக்காவில் இதைப் பாப்புலர் ஆக்கியவர் ஜிம்மி ரோட்ஜர்ஸ் என்ற ரயில்வே தொழிலாளி. அவருடைய முதல் ரெக்கார்டிங் நடந்தது, சந்திரபாபு பிறந்த அதே 1927 ஆகஸ்ட்டில். காசநோயோடு பாடிக்கொண்டே இருந்த ரோட்ஜர்ஸ் 1933-ல், 35 வயதில் இறந்துபோனார். ஆனா அவர் பாணி ரெக்கார்டுகளில் ஏறி உலகம் சுற்றியது. ஹிந்தியில் கிஷோர் குமார் இந்த வித்தையைக் கையில் எடுத்தார். தமிழில் யூடலிங் என்றாலே சந்திரபாபுதான்.

உடனே ஏத்துக்கிட்டாங்களா?

இல்லை. 1947-ல் 'தன அமராவதி'யில் தலைகாட்டினார். அதன்பிறகு பல வருஷம் வாய்ப்புத் தேடி அலைந்தார். மனசு வெறுத்து 1952-ல் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். காப்பாற்றப்பட்டார், அந்தக் காலச் சட்டப்படி போலீஸ் வழக்கும் வந்தது. அதே ஆண்டு ஜெமினி எஸ்.எஸ். வாசனின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் வேடம் கிடைத்தது.

அதுக்குப் பிறகு ஏறுமுகம். 1954-ல் 'கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி'யில் சிவாஜிக்கும், 'பெண்' படத்தில் வீணை எஸ்.பாலசந்தருக்கும் குரல் கொடுத்தார். காமெடி நடிகர் ஒருத்தர் ஹீரோவுக்குப் பின்னணி பாடுவது இன்றைக்கும் அபூர்வம். 'புதையல்' (1957), 'சபாஷ் மீனா' (1958), 'மரகதம்' (1959), 'அன்னை' (1962) என்று வரிசையா ஹிட். ராக் அண்ட் ரோல் அசைவு, உடையாத கோட்டு, உடைகிற குரல். தமிழ் ரசிகர்களுக்கு இது புதுசு.

காப்பியா, சொந்தச் சரக்கா?

'மரகதம்' படத்தில் ஜமுனா ராணியோடு அவர் பாடிய 'குங்குமப் பூவே' பாட்டைக் கேளுங்க. துள்ளல் மேற்கிலிருந்து வந்தது, பேச்சு மெட்ராஸ் தெருவிலிருந்து வந்தது. இரண்டையும் ஒட்டவைத்தது அவர் குரல். இங்கிலீஷ் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடவில்லை அவர். மேற்கத்தியக் குரல் முறையைத் தமிழ்ச் சொல்லுக்குள் உட்காரவைத்தார்.

இது குறையும் இல்லை. இலையுதிர் காலத்தின் அடையாளமா உலகம் கொண்டாடும் 'ஆட்டம் லீவ்ஸ்' கூட முதலில் பிரெஞ்சுப் பாட்டுதான். மெட்டு போட்ட ஜோசப் கோஸ்மா ஹங்கேரியில் பிறந்தவர். இங்கிலீஷ் வரிகளை எழுதிய ஜானி மெர்சர் அமெரிக்கர். பாட்டு ஊர் மாறும். எந்த ஊரில் ஒட்டிக்குதோ, அந்த ஊர்ப் பாட்டா ஆயிடும்.

சிரிக்க வைத்தவர் வாழ்க்கை எப்படி?

1958-ல் நடந்த கல்யாணம் சீக்கிரமே முறிந்தது. எம்.ஜி.ஆரை நாயகனா வைத்துத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. போட்ட பணமும் போச்சு. ஆசையா கட்டிய பெரிய வீடு கைவிட்டுப் போனது. 1966-ல் சாவித்திரியோடு நடித்து, தானே இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' படமும் கைகொடுக்கவில்லை. குடி அதிகமானது, வாய்ப்பு குறைந்தது. எம்.எஸ்.விஸ்வநாதன் மாதிரி சில நண்பர்கள் மட்டும் கடைசிவரை கூட இருந்தாங்க. 1974 மார்ச் 8-ல் இறந்தபோது வயது 46.

இந்தக் கதை தெரிந்த பிறகு அவர் பாட்டைக் கேட்டா, ஒரு விஷயம் புரியும். 'கவலை இல்லாத மனிதன்' (1960), 'ஆண்டவன் கட்டளை' (1964) படங்களில் அவர் பாடியவை வெறும் காமெடிப் பாட்டு இல்லை. சிரிப்பும் அழுகையும் ஒரே குரலில் வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள முறிவை அவர் மறைக்கவே இல்லை.

இப்போ ஏன் கேட்கணும்?

பழைய மேற்கத்தியப் பாட்டு பிடிக்கும்னு சொன்னா, வெளிநாட்டு மோகம்னு கேலி பண்ற ஆட்கள் இன்னும் இருக்காங்க. 60, 70 வருஷத்துக்கு முன்னாடியே தூத்துக்குடிக்காரர் ஒருத்தர் அதை நம்ம பாட்டா ஆக்கிட்டார் என்பதுதான் அதுக்குப் பதில். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தா, போனைக் கொஞ்சம் சத்தமா வையுங்க. நாட் கிங் கோலுக்குத் தலையாட்டாதவங்க சந்திரபாபுவுக்குக் கட்டாயம் தலையாட்டுவாங்க.

அடுத்த மழைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறும்போது, 'ஆட்டம் லீவ்ஸ்' முடிஞ்சதும் 'குங்குமப் பூவே' வர்ற மாதிரி வரிசையை மாத்தி வையுங்க. ஊர் வர்றதுக்குள்ள இரண்டையும் தாராளமா கேட்டுடலாம்.